தட்டு இறங்கும் நேரம்

முதல் ராத்திரி
உமிக்கு மேல் பழைய செய்தித்தாள் விரித்து
குருணைத் தீவனம் தூவினேன்.
நாலாயிரத்து இருநூறு அலகுகள்
தகரத்தில் விழும் தூறலாய்க் கொத்தின.
பத்து மணிக்கு, அங்கொன்றும் இங்கொன்றுமாய்
இருபது குஞ்சுகளைப் பிடித்து
கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பார்த்தேன்.
கூழாய் மெத்தென்றிருந்தால் தின்று குடித்தது.
கட்டியாய் இருந்தால் தண்ணீர் காணாதது.
ஒன்றுமே இல்லாத ஒன்று
என் விரலைக் கொத்தியது.

"மாவுத் தீனிக் காலமெல்லாம் போச்சுக்கா"
என்றார் கம்பெனி சூப்பர்வைசர் ஜெயசீலன்.
மாவு என்றால் நாளெல்லாம் கொத்தணும்,
அலகில் அப்பும், தண்ணித் தொட்டியில் கரையும்.
குச்சித் தீவனமோ
நாலு கொத்தில் வயிறு, மிச்ச நேரம் தூக்கம்.
தூக்கம் எல்லாம் கறி.
"கன்வர்ஷன் ஒண்ணரைக்கு வரணும்.
தட்டு எப்பவும் நெறஞ்சு இருக்கட்டும்."

இருந்தது.
ஆரியபட்டி விலக்கில் மார்கழிப் பனி இறங்க
பக்கவாட்டுப் படுதாவைக் கட்டிவிட்டு
விளக்கு எரியவிட்டேன், விடிய விடிய.
கோழிகள் உருண்டன, வெண்மையாய்,
நடக்க யோசிக்கிற பணக்காரர்கள் போல.

இருபத்திரண்டாம் நாள் பதினாலு.
மறுநாள் இருபது.
நோஞ்சான்கள் சாகவில்லை.
தட்டை விட்டு நகராத,
நான் காட்டிப் பெருமைப்பட்ட பெரிய கோழிகளே
மல்லாந்து கிடந்தன, கொண்டை நீலமாக.
டாக்டர் ஒன்றைக் கீறினார்.
வயிற்றிலிருந்து சரிந்தது
கஞ்சித் தெளிவு நிறத்தில் தண்ணீர், ஒரு டம்ளர் இருக்கும்.
"இஞ்சின் சின்னதும்மா. லோடு பெருசு"
என்று கையைக் கழுவினார்.

அந்த வளர்ப்பில் முந்நூற்றுப் பத்து.
குழி வெட்டிய சிவனாண்டிக்குக் கூலி கொடுத்தது போக
கணக்குச் சீட்டில் எனக்கு மிஞ்சியதை
இங்கே எழுத வெட்கம்.

அடுத்த வளர்ப்பில்
எட்டாம் நாள் தொடங்கி இரண்டு வாரம்
சாயங்காலம் ஆறானால்
கப்பிக் கயிற்றை இழுத்தேன்.
தட்டெல்லாம் கோழித் தலைக்கு மேலே ஏறின.
விளக்கை அணைத்தேன்.
இருட்டில் முதல் நாள் எழுந்த சத்தம்
பால் கேட்கும் நாலாயிரம் பிள்ளை.
காதைப் பொத்திக்கொண்டு
படுதாவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.
மூன்றாம் நாள் சத்தமில்லை.
பத்து மணிக்குத் தட்டு இறங்கும் என்று
அவைகளுக்குத் தெரிந்துவிட்டது.
பசித்த கோழி
குச்சியைப் பொறுக்கிவிட்டுத்
தட்டடியில் ஒதுக்குகிற தூளையும் தின்றது.
முதல் தடவையாக உமியைக் கிளறியது,
சண்டை போட்டது, ஓடியது.

ஜெயசீலன் தராசில் தொங்கவிட்டு
"எடை கொறையுதே, என்ன செஞ்சீங்க?" என்றார்.
"பனிக்கா" என்றேன்,
அவர் குரலிலேயே.
முப்பத்தைந்தாம் நாள்
கோழிக்கு நாற்பது கிராம் குறைவு.
செத்தது எண்பத்தாறு.
சீட்டை அவர் இரண்டு முறை கூட்டினார்.
மூன்று மாதம் கழித்து
விக்கிரமங்கலத்திலிருந்து மாயக்காள் போன் செய்தாள்:
"ஒச்சம்மா, சூப்பர்வைசர் புதுசா ஏதோ சொல்றாருடி,
ராத்திரி தட்டத் தூக்கிக் கட்டணுமாம்."
சிரித்தேன். சொல்லவில்லை.

சொல்ல நினைத்தது வேறு.

பிடி நாளன்று
லாரி வருவதற்கு எட்டு மணி நேரம் முன்பே
தீவனத்தை நிறுத்த வேண்டும்,
குடல் காலியாகட்டும் என்று.
மாலை நாலுக்குக் கயிற்றை இழுத்தேன்.
அவை அலட்டிக்கொள்ளவில்லை.
பழகிய பசிதானே.
பத்து மணி ஆனது.
ஒன்றன் பின் ஒன்றாய் எழுந்து வந்து
தட்டுகளுக்குக் கீழே கூடி
மேலே பார்த்தபடி நின்றன,
கத்தாமல்,
நான் வருவேன் என்று.

கப்பிக் கயிறு என் கையில்தான் இருந்தது.
உசிலம்பட்டி ரோட்டில்
கூண்டு லாரியின் வெளிச்சம் திரும்பியது.