ரேகை பொருந்தவில்லை

கானாடுகாத்தான் ரேஷன் கடையில்
பில் போடுகிறவன் நான்.
சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை.
கேட்டவர்களிடமெல்லாம்
கொசு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அழகுமீனா வலது பெருவிரலை வைத்தாள்.
பொருந்தவில்லை.
ஆள்காட்டி விரல். பொருந்தவில்லை.
சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தாள்.
பத்து விரலையும் பார்த்துவிட்டு
நீ நீயில்லை என்றது மெஷின்
ஒரு பொட்டுச் சிவப்பு வெளிச்சத்தில்.
ஓடிபி போகிற போன் மகனுடையது.
மகன் திருப்பூரில்
நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறான்.
வரிசையில் பின்னால் நின்ற தங்கப்பொண்ணு சொன்னாள்:
"அவ விரலை ஓட்டல் தின்னுருச்சுய்யா."

தின்றதுதான்.
ஓட்டலாகிவிட்ட அந்தப் பெரிய வீட்டில்
காலையில் சபீனா, மதியம் பினாயில்,
சாயங்காலம் பதினாறு குளியலறைக்கு ஆசிட்.
விரல் நுனி ஒவ்வொன்றும்
தலை தேய்ந்த பழைய காசு.

தோலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதில்லை.
காரைக்குடி டாக்டர்
மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டுச் சொன்னார்:
அடியில் பிறப்பது மெல்ல மேலேறும்,
ஏறுகிற வழியிலேயே சாகும்,
தட்டையாகிக் காவல் நிற்கும், பிறகு உதிரும்.
மற்றவர்களுக்கு இதற்கு ஒரு மாதம் பக்கம்.
உங்களுக்கு நாலு நாள்.
பக்குவப்படுமுன்னே மேலே வந்து
ஒன்றன்மேல் ஒன்றாய் அடைகிறது.
அவசரம்தான் சார் உங்கள் வியாதி.

முழங்கையில் வெள்ளிச் செதில்.
களிம்பு போட்டால் மூன்று வாரத்தில் அடங்கும்.
அடங்கியதும் களிம்பை மறப்பேன்.
நான் மறந்ததை அது மறக்காது.
அலமாரியில்
பாதி பிதுக்கிய டியூப்கள் ஏழு.

இருந்தும் அவளிடம் சொன்னேன்,
என்னவோ கரைகண்டவன் மாதிரி:
"ரேகைக்கு வேர் கீழே இருக்கு.
மேல தேஞ்சாலும் அடியில அதே அச்சுதான்.
பகல்ல ரப்பர் கையுறை.
ராத்திரி கை கழுவி, ஈரம் காயுறதுக்குள்ள வாஸ்லின்.
ஒரு நாளும் விடக் கூடாது."

"அங்க தரைக்கு தினம் எண்ணெய்த் துணி போடுறேன்" என்றாள்.
"ஒரு வாரம் விட்டா கல்லுல பூவெல்லாம் வெளுத்துரும்.
தரைக்கு இருக்குற மவுசு
என் கைக்கு யாரு குடுப்பா?"
சிரித்தாள்.
பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
அரிசி போட்டேன்.

அடுத்த மாதமும் சிவப்புதான்.
அதற்கடுத்த மாதம் ஏழாம் தேதி,
ஒன்பது விரலுக்குச் சிவப்பு காட்டிவிட்டு
இடது மோதிர விரலுக்குப் பச்சை.
தங்கப்பொண்ணு கை தட்டினாள்.
"எத்தனை நாள் விட்டே?"
"விடலையே.
கையுறை கிழிஞ்சப்போ
மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்குனேன்.
ராத்திரி அசதியில படுத்துருவேன்,
எந்திரிச்சுப் போய்ப் போட்டுட்டுப் படுப்பேன்."

போன மாதம் இங்கே வைத்த விரல்
இப்போது எங்குமில்லை.
ஓட்டல் சாக்கடையில், சேலைத் தலைப்பில்,
தலையணையில் அது உதிர்ந்துபோனது.
வந்து நிற்பது வேறு தோல்.
அதனிடம் போய்
பழையவளைக் காட்டு என்கிறது மெஷின்.
அவளும் எப்படியோ
அவளையே திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள்,
சண்டை போட்டு, தூக்கத்தில் எழுந்து,
ஒரு விரலாவது.

பில்லைக் கிழித்து நீட்டினேன்.
சட்டைக் கைக்குள்ளிருந்து
நாலைந்து வெள்ளைத் துகள்
பதிவேட்டின் மேல், அவள் பெயரின் மேல்
விழுந்தன.
அவள் குனிந்து மெதுவாக ஊதினாள்.

"கொசுவா?" என்றாள்.
நான் பேசவில்லை.
"நீங்க எத்தனை நாள் விட்டீங்க?"

சர்க்கரையை நிறுக்கத் திரும்பினேன்.
தராசில் எண்
நிலைக்க நேரமானது.