கேள்வி எண் பதினேழு

குழந்தை மொழியைக் கற்பது எதனால் என்று கேட்டு
நான்கு விடை கொடுத்திருக்கிறார்கள்.
ஆசிரியர் தகுதித் தேர்வு, மாதிரி வினாத்தாள்,
மூலக்கடை ஜெராக்ஸ் கடையில் பதினைந்து ரூபாய்.

புறாவுக்குத் தானியம் போட்டுப் பழக்கியவர்
கைதட்டினால் சொல் வரும் என்கிறார்.
தட்டினேன்.
"பஸ்ஸு நிக்கிச்சு" என்றாள் ஷாலோமி.
நின்னுச்சு, என்றேன். முத்தமும் கொடுத்தேன்.
"நின்னுச்சு" என்று முத்தத்தை வாங்கிக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
அடுத்த பஸ்ஸும் நிக்கிச்சு.

இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.
வியாசர்பாடியிலேயே யாரும் சொன்னதில்லை.
கீழ்வீட்டு ஷகீலாக்கா உருதில் திட்டுவாள்,
சந்துமுனை பானிபூரிக்காரன்
"எத்தினி பிளேட்" என்பான் அரைத் தமிழில்.
அவர்களிடமிருந்தும் வரவில்லை அது.
எங்கிருந்தோ ஒரு விதியை இவளே உருவியெடுத்து
நிற்கிற எல்லாவற்றின் மேலும்
ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிப் பார்க்கிறாள்.

சரி, பிறக்கும்போதே மண்டைக்குள் இலக்கணம் என்ற
இன்னொருவர் பக்கம் டிக் அடிக்கப் போனேன்.
விளக்கு அணைந்தது.
"கரண்ட்டு போனுச்சு"
என்றது இருட்டு.

ஞாயிறு மூன்று மணிக்கு எட்வின் வருவான்.
வாசலோடு சரி. ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான்.
போன வாரம் வரை இவளுக்கு எல்லாமே நாம தான்.
நாம தோசை சாப்பிடலாம்,
நாம ஆய் போகலாம்.
அந்த நாமவில் அவன் இருந்தான், நான் இருந்தேன்,
ட்யூப்லைட்டுப் பல்லி கூட இருந்தது.

இன்று கேட்டான், நேத்து எங்க போனீங்க பாப்பா?

"நாங்க பீச்சுக்குப் போனோம்."

நாங்க.

அவன் கையில் கொய்யாப்பழக் கவர்
ஆடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

சத்தியமாக நான் சொல்லித் தரவில்லை.
கைதட்டவில்லை, முத்தம் கொடுக்கவில்லை.
போனில் அவனிடம் மட்டும்,
நாங்க நல்லாத்தான் இருக்கோம்,
நாங்க பாத்துக்கறோம் என்று
எத்தனை ராத்திரி சொல்லியிருப்பேன்.
அப்போதெல்லாம் இவள்
தரையில் குப்புறப் படுத்து
மஞ்சள் கிரையான் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் பாலத்தடியில் தேய்ந்தது.
கிரில்லில் மூக்கை வைத்துக்கொண்டு
"அப்பா போனுச்சு" என்றாள்.

திருத்தலாம்.
போனாரு என்றா,
போச்சு என்றா.