எண்பது பக்கக் கொப்பி

வரவு இடாப்பில் என் பெயர் இல்லை.
அதிபர் பரஞ்சோதி தந்த எண்பது பக்கக் கொப்பியில்
நானே கோடு கீறி, நானே திகதி போட்டு,
நானே ஒப்பமிடுகிறேன்.
இது நாலாவது கொப்பி.
அட்டையில் தொண்டர் ஆசிரியர் என்றிருக்கிறது.
தொண்டு என்றால் கோயிலில் செய்வது.
நான் செய்வது ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம்,
ஒன்பதுக்குத் தமிழ், ஆளில்லாத நாளில் விஞ்ஞானமும்.

மாங்குளத்தில் பஸ் மாறி, மல்லாவிக்கு வந்து,
அங்கிருந்து ஆறு கட்டை கிரவல் ரோட்டில்
மூன்று பேர் படிப்பிக்க வருகிறார்கள்.
அவர்களுக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு உண்டு.
நான் இந்தக் கஷ்டத்திலேயே பிறந்தவள்.
அதற்குப் படிவம் கிடையாது.

எனக்கு வருவது பிள்ளைக்கு மாதம் நூறு ரூபாய்.
பெரும்போகம் வெட்டினால் கொஞ்சம் ஒழுங்காக வரும்.
வயலுக்குள் யானை இறங்கிய வருசம்
ஒருவர் காசுக்குப் பதிலாக ஒரு போத்தல் தேன் தந்தார்.
அதை எந்த நிரலில் எழுதுவதென்று
பொருளாளர் இராசமலர் அரைமணி நேரம் யோசித்தாள்.
நல்ல தேன்.

போன சங்கக் கூட்டத்தில்
உழவு மெசின் யோகேந்திரம் எழும்பினார்:
"அரசாங்கம் வரியெடுக்குது. பள்ளிக்கூடமும் எடுக்குது.
பிறகேன் சுவரிலை இலவசக் கல்வி எண்டு எழுதிக் கிடக்கு?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அந்த எழுத்துக்குப் பெயின்ற் வாங்கியதும்
சனத்திடம் சேர்த்த காசில்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் கிருபாநிதி சேர்
மாமரத்தடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:
"நாளைக்கு நாடு முழுக்கச் சுகயீன லீவு.
சம்பள முரண்பாடு தீருமட்டும் விடுறதில்லை.
நீங்களும் வரக்கூடாது ரீச்சர்.
வந்தால் பள்ளிக்கூடம் நடந்தது எண்டு வலயம் எழுதும்."
அவர் சொன்னதில் பிழையில்லை.
அவருடைய சம்பளச் சிட்டையை ஒருநாள் பார்த்திருக்கிறேன்.
வீட்டுக் கடன், இடர் கடன், இன்னொரு கடன்,
கழித்துக் கழித்துக் கடைசியில் நின்ற தொகையைவிட
என் தேன் போத்தல் கனம்.
ஆனாலும் முரண்பாடு என்ற சொல்லை
போன கிழமைதான் ஒன்பதாம் ஆண்டுக்கு விளங்கப்படுத்தினேன்:
ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு வேண்டும்.
என்னிடம் ஒன்றே இல்லை.

செவ்வாய்க்கிழமை போனேன்.
படலை திறந்து கிடந்தது.
சமைக்கிற சிவமணியக்காவுக்கு லீவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.
பருப்பு ஏற்கெனவே கொதித்துவிட்டது.
பதினொரு பிள்ளைகள், கையில் கோப்பையோடு.
சாப்பாடு பத்தரைக்கு. அதுவரைக்கும் என்ன செய்வது,
பின்னம் செய்தோம்.
நாலிலொன்றைவிட எட்டிலொன்று பெரிது என்று
அபிநயன் அடம்பிடித்தான். எட்டுத்தானே பெரிசு.
ஒரு பப்பாசிப்பழத்தை வெட்டிக் காட்டிய பிறகும்
பாதிதான் நம்பினான்.

பின்னேரம் கொப்பியைத் திறந்தேன்.
கோடு கீறினேன். திகதி போட்டேன்.
ஒப்பமிடவில்லை.
பள்ளிக்கூடம் நடக்கவில்லை, கிருபாநிதி சேர்.
பிள்ளைகள் படித்தார்கள், அது வேறு.

எட்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் நேர்முகம்.
தொடர் சேவைக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள்.
நாலு கொப்பியையும் சொப்பிங் பையில் கொண்டுபோனேன்.
அதிகாரி விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார்.
மழை நாள், காய்ச்சல் நாள்,
அம்மாவின் எட்டுச் செலவுக்கு மறுநாள்,
எல்லாவற்றிலும் என் கையெழுத்து.
ஒரு வெறும் கோட்டில் விரல் நின்றது.
"இந்த நாள் எங்கை போனீங்கள்?"

படிப்பித்தேன் என்றால், ஏன் ஒப்பமில்லை என்பார்.
போராட்டம் என்றால்,
எந்தச் சம்பளத்துக்கு என்பார்.

"சுகமில்லை சேர்."

"மெடிக்கல் இருக்கோ?"

கதவு திறந்தே இருந்தது. வெளியே வரிசை.
முதல் கதிரையில் இருந்தவள் சிரிப்பை இருமலாக மாற்றினாள்.
அவள் மடியிலும் எண்பது பக்கக் கொப்பிகள்,
என்னுடைய அடுக்கைவிட உயரமாக.