அந்தப் பக்கம்

காட்பாடியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஏணியென்று சொல்லிவிடலாம், அப்படியொரு இரும்புப் படி.
"யாருடி பாடறது?"
"இன்னா தெரியும் எனக்கு? போஸ்டர்ல மூஞ்சி நல்லா இருந்துச்சு."
ஆளுக்கு நூற்றைம்பது.
இரண்டு பேருக்கும் தஸ்னீமே கொடுத்தாள்,
சில்லறை எண்ணும் சாக்கில்
என் முகத்தைப் பார்க்காமல்.

மே மாதம். இரவு எட்டு மணிக்கும்
சுவரில் சாய முடியவில்லை.
பத்தொன்பது பேர்.
ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் ஒன்பது வருடம்,
தலைகளை எண்ணாமல் எங்கும் உட்கார வராது எனக்கு.
பாதி காலேஜ் பிள்ளைகள்.
காக்கி பேன்ட்டின் மேல் பூப்போட்ட சட்டையில் ஒரு போலீஸ்காரர்.
முன்வரிசையில் ஒரு வங்காளி,
லாட்ஜில் படுக்கப் பிடிக்காமல் வந்திருப்பார்,
ஸ்கேன் கவரைத் தரையில் வைக்க மனமின்றி
மடியில் வைத்திருந்தார், தூங்கும் பிள்ளையைப் போல.

அறிமுகம் செய்ய யாரும் இல்லை.
"சில்வியா, ஆம்பூர்" என்றாள் மைக்கிடம்,
ரேஷன் கடையில் பெயர் கொடுப்பவள் குரலில்.
கிடாரில் ஒரு தந்தி இல்லை.
"நேத்து அறுந்துட்ச்சு. அஞ்சு இருக்குது, போதும்."

முதல் பாட்டு பிடிக்கவில்லை.
இரண்டாவது மழையைப் பற்றி.
பாலாற்றங்கரைக்காரிக்கு எதற்கு அவ்வளவு மழை?
தஸ்னீம் போனைத் திருப்பி மணி பார்த்தாள்,
நான் அவள் மணி பார்ப்பதைப் பார்த்தேன்.

மூன்றாவதற்கு முன் தண்ணீர் குடித்தாள்.
"ஏழு வருஷம் ஷூ கம்பெனில இருந்தேன்.
எங்க லைன்ல இடது கால் மட்டும்தான்."

இடதே தைக்கும் ஒருத்தி
தன் வலதைத் தைப்பது யாரென்று பார்க்க
சாப்பாட்டு மணியில் சுவருக்கு அந்தப் பக்கம் போகிறாள்.
முப்பது பெண்கள், குனிந்தபடி,
முப்பது டப்பாவிலும் எலுமிச்சை சாதம்.
யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது?
திரும்பி வந்து மிஷினில் உட்காருகிறாள்.
அவ்வளவுதான் பாட்டு. பல்லவிகூட இல்லை.

நடுவில் சரக்கு ரயில் வந்தது.
எங்கள் ஊரில் எந்தப் பேச்சுக்கும் நடுவில் ஒரு ரயில் உண்டு,
சண்டையைக்கூட நிறுத்திவைத்துத் தொடருவோம்.
அவளும் நிறுத்தினாள்.
விரல் தந்தி மேலேயே.
வாய் "அந்தப்" என்பதோடு நின்றிருந்தது.
மாடி அதிர்ந்தது, ஃபேன் அதிர்ந்தது, யாருடைய டீயோ அதிர்ந்தது.
கடைசிப் பெட்டியும் போன பிறகு
"பக்கம்" என்றாள்,
மூச்சு வாங்காமலே சொன்னது மாதிரி.

ஒருவரும் சிரிக்கவில்லை.
போலீஸ்காரர் மூக்கை உறிஞ்சினார், சளியாகவும் இருக்கலாம்.
வங்காளி, கை தட்ட வேண்டுமானால்
கவரைக் கீழே வைக்க வேண்டும்,
அதன் மேலேயே விரலால் தட்டினார்,
உள்ளே ஃபிலிம் சலசலத்தது.

பிறகு நான்கைந்து பாடினாள். எனக்கு நினைவில்லை.

ஸ்கூட்டியில் வரும்போது பாலாற்றுப் பாலத்தில்
ஒரு நாளைக்கான காற்று மொத்தமும் இருந்தது.
கீழே மணல், முள், எங்கோ எரியும் குப்பை.
முன்னால் ஓட்டிக்கொண்டே
தஸ்னீம் முனகினாள், ராகம் முழுக்கத் தப்பு.
"சுவத்துக்கு அந்தப்..."
நிறுத்தினாள்.
வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று நினைத்தேன்.
ரயில் எதுவும் வரவில்லை.
ஒரு விளக்குக் கம்பம், இன்னொன்று,
மூன்றாவதில் பல்பு இல்லை,
அந்த இருட்டில் சொன்னாள்:
"...பத்தாயிரத்துல முந்நூறு கழிச்சிக்கோ."

இரண்டு வருடம், நான்கு மாதம்.
ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்,
அவள் தங்கை நிக்காஹ்வில் நான் விடியவிடியப் பாத்திரம் எண்ணினேன்,
அந்தத் தொகையை மட்டும் இருவரும் வாயில் வைத்ததில்லை.

"நூத்தம்பதுதான்," என்றேன் அவள் முதுகிடம்.
"உன் டிக்கெட்டுக்கு நான் ஏண்டி கழிக்கணும்?"

ஸ்கூட்டி ஒரு பக்கமாய் ஆடும் அளவுக்குச் சிரித்தாள்.
பின்னால் வந்த லாரிக்காரன்
எங்கள் இருவர் வீட்டையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான்.