மூச்சு எண்ணுகிறவள்

கஹாங்குக்குப் பன்னிரண்டு நாள்
படிக்க வந்திருக்கிறார்கள்
ஆறு நாட்டு மாட்டு டாக்டர்கள், ஒன்பது பேர்.
ஆளுக்குப் பதினாறாயிரம் வெள்ளி,
யானையைத் தொட, இரத்தம் எடுக்க,
கடைசி நாள் சான்றிதழோடு படம் பிடித்துக்கொள்ள.
எனக்கு நாளைக்குத் தொண்ணூறு.
மதியச் சோறு தனி.

விடியற்காலை ஐந்தரைக்கு
'பசியாறியாச்சா?' என்றேன்.
நாமக்கல்லிலிருந்து வந்த கோழி டாக்டர் மதுரவல்லி
சிரித்துவிட்டாள்.
'எங்க ஊர்ல இப்படிக் கேட்டா
நேத்து பட்டினியான்னு அர்த்தம்.'
நான் பதில் யோசிப்பதற்குள்
ரொட்டி சானாய் வந்துவிட்டது.

பத்தொன்பதாம் பிளாக், மறுநடவுச் செம்பனை.
குருத்தை மட்டும் உருவித் தின்ற தடம்
வரிசை தப்பாமல்,
யாரோ பட்டியல் வைத்துச் சாப்பிட்டதுபோல.
கிராணி ஒவ்வொரு கன்றுக்கும் விலை சொல்கிறார்.
டென்மார்க்காரி குறித்துக்கொள்கிறாள்.

என்சிக் ருஸ்லி சுட்டார்.
பின்தொடையில் சிவப்புக் குஞ்சம்.
ஏழு நிமிஷம்.
பெண் யானை எதையோ மறந்துவிட்டதுபோல நின்று
வாய்க்கால் ஓரம் பக்கவாட்டில் சாய்ந்தது.
நெஞ்சு அழுந்தக் குப்புற விழுந்திருந்தால்
கயிறு போட்டுப் புரட்ட வேண்டும்.
பிழைத்தோம்.

அவரவர்க்கு ஓர் இடம்.
காது நரம்பு பிரேசில்காரருக்கு.
வெப்பமானி மதுரவல்லிக்கு, தோள்வரை கையுறை:
'கோழிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல.'
எனக்குத் தும்பிக்கை நுனி.
துவாரம் இரண்டும் மூடிக்கொள்ளாமல்
ஒரு சின்னக் குச்சியைக் குறுக்கே பிடித்து
எண்ண வேண்டும்.
வேறொன்றுமில்லை. எண்ண வேண்டும்.

ஒன்று.
வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல் என் மணிக்கட்டில்.
இரண்டு.
மென்ற குருத்தின் பச்சை வாடை.
மூன்று.
நிமிஷத்துக்கு ஆறென்றால் பரவாயில்லை.
தமிழில் எண்ணி
டாக்டர்களுக்கு 'சிக்ஸ்' என்று கத்தி
ருஸ்லிக்கு 'எனாம்' என்று இன்னொரு முறை.

கழுத்துப்பட்டி பூட்டும்போது ஐந்தானது.
அப்புறம் நான்கு.
அப்புறம்
எண்ண ஒன்றும் வரவில்லை.

படம் எடுத்த கைகள் இறங்கின.
ருஸ்லி மாற்று மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்,
குப்பியின் மூடி புல்லில் விழுகிறது,
அதை ஏன் பார்த்தேனோ.
'இழு' என்றேன் யானையிடம்.
'இழுடி.'
மதுரவல்லி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.
என் மணிக்கட்டு ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்று.
சளியும் புழுதியுமாக
என் மூக்குக்கண்ணாடி முழுக்க.

ஓடி வண்டிக்குப் பின்னால் நின்றோம்.
அது எழுந்தது. காதை ஒருமுறை தட்டியது.
எங்களைப் பொருட்படுத்தாமல்
கழுத்தில் பன்னிரண்டு கிலோவோடு நடந்தது.
டென்மார்க்காரி அழுதாள்.
கிராணி பதறினார்:
'ஐயோ, அந்தப் பக்கம் இருபத்திரண்டாம் பிளாக்!'

சனிக்கிழமை தோட்ட மண்டபத்தில்
மீ கோரேங், ஒன்பது சான்றிதழ்.
எனக்கு ஓர் உறை.
கைப்பேசியில் ருஸ்லி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்.
மணிக்கொரு முறை நகரும் மஞ்சள் புள்ளி,
ஒன்பது பேர் கையிலும் அதே புள்ளி.

ஐந்து வாரம் கழித்து
இரவு ஒன்றே முக்கால்.
நாமக்கல்லிலிருந்து செய்தி:
'ரெண்டு மணி நேரமா புள்ளி நகரலையே,
உயிரோட இருக்கா?'

நான் விளக்குப் போடவில்லை.
வீட்டுக்குப் பின்னால்
இரண்டாவது வாழை முறிகிறது.
சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்
அதே வெந்நீர்ப் பானை.
ஒரு நிமிஷம் எண்ணினேன்.
பதினொன்று.

'நல்லா இருக்கா' என்று தட்டி அனுப்பினேன்,
மூன்றாவது வாழையும் போன பிறகு.