ஏழின் இடத்தில் எட்டு

நானுஓயாவுக்கு மேலே
பைனஸ் மரங்களுக்குள் நிற்கிறது பங்களா.
வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள்
நெடுக்கில், குறுக்கில், சாய்வில்.
தூரத்திலிருந்து பார்த்தால்
கணக்குப் பிழைத்த ஆத்திரத்தில்
யாரோ கோடடித்த கொப்பித் தாள்.

ஹோட்டலாக்கப் போகிறார்கள்.
அளந்து வரைய என்னை அனுப்பியது கம்பெனி.
லேசர், சுத்தியல், ஈரமானி,
ஏணி பிடிக்க இருதயராஜ்.

முதல் நாள் முழுக்கத் தட்டினேன்.
தெற்குச் சுவரில் டப் டப்.
ஓர் அங்குலப் பலகையைச்
செங்கல்லில் ஆணியடித்துத் தார் பூசியிருக்கிறது.
ஒன்றையும் தாங்கவில்லை,
கல்யாண வீட்டில் பந்தற்காலைப் பிடித்தபடி
போட்டோவுக்கு நிற்கிற சித்தப்பா மாதிரி.

வடக்கு வேறு.
மூலைக்கால் பத்து அங்குலம்.
தட்டிய சத்தம் உள்ளே போய்
உட்கார்ந்துகொண்டது.

"சாப்பாட்டறைக் கதவு சாத்தாது மிஸ்,"
மனேஜர் வீரக்கொடி சொன்னார்,
"கட்டின நாளிலிருந்தே. மலை ஈரம்."
ஈரமானியை வைத்தேன்.
பன்னிரண்டு வீதம்.
இந்த ஊரில் விறகுகூட இவ்வளவு காயாது.

மூன்றாம் நாள் சாந்தைக் கொத்தினோம்.
காலும் உத்தரமும் கூடுகிற பொருத்தில்
உளியால் வெட்டிய எழுத்து: க.
அடுத்த காலில் உ.
"ஆரோ காதலிச்சிருக்கான்," என்றான் இருதயராஜ்.
நானும் சொல்லாக்கிப் பார்த்தேன்.
க, உ, ங, ச...
வாயில் நிற்கவில்லை.
ரு-வில் ஏணியை மாற்றிப் போடும்போது
உறைத்தது.
எழுத்தில்லை,
எண்.

தரையில் கிடத்தி வெட்டி,
பொருத்திப் பார்த்து, கழற்றி,
மேலே சுமந்திருக்கிறார்கள்.
காலுக்கும் உத்தரத்துக்கும் ஒரே எண்.
தோல் உறைக்குள் இருக்கிற
இங்கிலிஷ் வரைபடத்தில் இது இல்லை.

சாப்பாட்டறை.
உத்தரத்தில் ௭.
கீழே நிற்கிற காலில் ௮.

குசினிப் பக்கம் போய்ப் பார்த்தால்
எட்டின் கீழ் ஏழு நிற்கிறது,
குள்ளம் தெரியாமலிருக்க
காலடியில் ஒரு ஆப்போடு.

யார் மாற்றியது?
மழைக்குள் இறக்கியவனா?
நத்தாருக்குள் முடி என்று
கைத்தடியை நீட்டிய,
இந்த எண் தெரியாத துரையா?
அல்லது வெட்டியவனே,
சம்பளம் பிடித்த ஏதோ ஒரு நாளில்,
தெரிந்தே?
நான் அளக்க வந்தவள்.
அதற்கு என்னிடம் அலகில்லை.

வித்தியாசம் அரை அங்குலம்.
அதற்காக எத்தனை துரைமார்
எத்தனை குளிர் ராத்திரி
கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்தார்கள்!

கீழே லயத்தில் எங்கள் காம்பராவும் சாத்தாதுதான்.
காரணம் தேட லேசர் வேண்டியதில்லை.
அது கதவில்லை, தகரம்.

"சீவிவிட்டால் சரியாகுமா?"
வீரக்கொடி கேட்டார்.
"கதவில் பிழையில்லை," என்றேன்.
அவர் ஈரமானியைப் பார்த்தார்.

வரைபடத்தில் கால்களுக்கு எண் போடவேண்டும்.
௧ முதல் ௬ வரை போட்டேன்.
பிறகு ௮. பிறகு ௭.
இரவே கொழும்பிலிருந்து போன்:
"இதென்ன, ஃபொன்ட் உடைந்துவிட்டதா?"
"வீட்டில் இப்படித்தான் இருக்கிறது."

கடைசி நாள் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு
இருதயராஜ் அந்தக் கதவை
முழங்காலால் ஒருதரம் தள்ளிச் சாத்தினான்.
நாங்கள் படியிறங்குவதற்குள்
அது மெல்லத் திறந்துகொண்டது
குசினிப் பக்கமாய்,
ஏழு நிற்கிற பக்கமாய்.