சிக்னல் கிடைக்கும் இடம்

இந்தத் தீவில் சிக்னல் ஓர் இடத்தில்தான்:
தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால்
ஐஸ் பெட்டிகள் அடுக்கிய சுவரோரம்.
முக்கால் அடி நகர்ந்தால்
சாந்தியாகோ போய்விடும்.

சிப்பிக்கூடையில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து
ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறேன்.
தகரத்தில் மழை. டாக்டர் இதுர்ரா
இரண்டாம் தடவை கேட்கிறார்:
படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, யாஸ்னா?

இங்கே படி இல்லை டாக்டர்.
படகுத்துறையில் ஏணி.
கடல் வற்றினால் பதினான்கு கம்பி,
பெருகினால் மூன்று.
எந்த ஏணியைக் கேட்கிறீர்கள்?

என்னைவிடச் சின்னவர்.
அவர் எழுத்துக்கூட்டுமுன் எழுதிய என் கோப்பைப் புரட்டி
ஆறு வயதில் எனக்குள் இறங்கிய சிவப்பு மருந்தை
மில்லிகிராம் பிசகாமல் சொல்கிறார்.
நாங்கள் அதைச் செர்ரிச் சாறு என்போம்.
அது ஏறிய அன்று சிவப்பாக மூத்திரம் போனதை
வார்டு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டான்
பக்கத்துக் கட்டில் ரமிரோ.
கோப்பில் ரமிரோ இல்லை.
வேறெங்கும் இல்லை.

தூக்கம்?
"தூங்குகிறாள். சாப்பிடுகிறாள்.
பாரம் தூக்காதே என்றால்தான் கேட்பதில்லை."
திரைக்கு வெளியே, குடை பிடித்தபடி அம்மா.
எனக்கு முப்பத்துநான்கு.
யார் பேசுவது என்று தேடுகிறார் டாக்டர்.
என் பழைய வாய், என்றேன்.

போன மாதம் காஸ்த்ரோவில் எடுத்த எக்கோ
என்னை முந்திக்கொண்டு அவரிடம் போயிருக்கிறது.
ஐம்பத்தெட்டாக இருந்தது
ஐம்பத்தொன்றாம்.
பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மாத்திரை,
ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம்.
பயப்பட ஒன்றுமில்லை என்பதை
எனக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!
மாஸ்க் போட்டுக்கொண்டு, முழங்காலிட்டு,
ஒருவர் கோமாளி மூக்கு வைத்துக்கொண்டு.

அம்மா, கயிறு தளர்ந்திருக்கிறதா பார், என்றேன்.
போனாள்.
உள்ளங்கையில் எழுதி வந்திருந்த கேள்வி
உப்புநீரில் அழிந்து
ஒரு வார்த்தைதான் மிச்சம்.
அதை மட்டும் கேட்டேன்:
குழந்தை?

அவர் வாய் திறந்தது. அப்படியே நின்றது.
கண் பாதி மூடி, கை காற்றில்,
காதருகே சதுரம் சதுரமாக உடைந்து.
ஐஸ் உருகிக் காலடியில் ஓடியது.
நானும் அசையவில்லை,
முக்கால் அடி நினைவிருந்தது.

அம்மா திரும்பி வந்த நேரத்தில்
குரல் மட்டும் வந்தது, நடுவிலிருந்து:
"...முடியாது என்பதில்லை, ஆனால் இதய டாக்டரும்
கூடவே இருந்து ஒவ்வொரு மாதமும்..."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.
ஒன்றும் கேட்கவில்லை.
என் தலைக்கு மேலிருந்த குடையை எடுத்து
கைப்பேசிக்குப் பிடித்தாள்.